பிழை பிறக்கும் இடங்கள்

தொடர்வண்டிப் பாதை தாம்பரத்தை இரண்டாகப் பகுக்கிறது. பாதைக்குக் கிழக்கே கிழக்குத் தாம்பரம். மேற்கே மேற்குத் தாம்பரம். இவ்விரு பெயர்களின் நடுவிலும் நிற்க வேண்டிய 'த்' என்னும் மெய்யை எழுதுவோர் அரியர். கடைப் பலகை, வீட்டுமனை விளம்பரம், அழைப்பிதழ், விண்ணப்பம் என எங்கும் 'கிழக்கு தாம்பரம்' என்றே காண்கிறோம். ஆனால், எழுதியவரையே அப்பெயரைச் சொல்லச் சொன்னால், நாக்கு அந்த மெய்யை விடாமல் ஒலிக்கும். வாய் அறிந்ததைக் கை மறந்த நிலை இது.

ஒரு நிலையம் தெற்கே போனால் பெருங்களத்தூர். அவ்வூரிலும் இரு பகுதிகள்: பழைய பெருங்களத்தூர், புதுப் பெருங்களத்தூர். இங்கே 'பழைய' என்பதன் பின் ஒற்று மிகாது; 'புது' என்பதன் பின் மிகும். ஒரே ஊர்ப்பெயர், முன்னே நிற்கும் சொல்லைப் பொறுத்து இருவேறு வகையாக நடந்துகொள்கிறது. 'பழைய' என்பது பெயரெச்சம். அதன்பின் வல்லெழுத்து இயல்பாகவே நிற்கும். 'புது' என்பது தனிக்குறிலை அடுத்த முற்றியலுகரம். பொதுப்பணி, நடுத்தெரு, முழுப்பொறுப்பு என்பவற்றைப் போலவே அதுவும் ஒற்றைக் கேட்கும். 'கிழக்கு', 'மேற்கு' இரண்டும் வன்தொடர்க் குற்றியலுகரங்கள்; அவற்றின் பின்னும் வல்லினம் மிகும். பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். மறப்பதில் வியப்பில்லை. இவ்விதிகள் எந்த உடற்செயலின் பதிவு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தமிழில் க, ச, ட, த, ப என்னும் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளுக்குப் பொது. 'கல்' என்னும்போது ககரம் வன்மையாக ஒலிக்கிறது. 'அகல்' என்னும்போது அதே ககரம் நெகிழ்கிறது. 'அக்கா' என்று இரட்டித்தால் மீண்டும் வன்மை. உயிரொலி பிறக்கும்போது குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு வல்லெழுத்து தனித்து வந்தால், வாய் அடைபடும் நேரம் மிகக் குறுகியது, அதிர்வு நிற்பதற்குள் அடைப்பு திறந்துவிடும், ஒலி மெலிகிறது. இரட்டித்து வந்தால் அடைப்பு நீள்கிறது. மூச்சுக்காற்று வாய்க்குள் தேங்கி அழுத்தம் ஏற, குரல்நாண்களின் வழியே காற்று ஓடுவது தடைபட்டு அதிர்வு நின்றுபோகும். ஒலி வன்மையாகவே வெளிப்படும். ஆக, ஒற்றெழுத்து என்பது எழுத்தலங்காரம் அன்று. வாயைச் சற்றுக் கூடுதல் நேரம் மூடிவை என்னும் ஆணை. அரை மாத்திரை என இலக்கண நூலார் அளந்து சொன்னது அந்த நேரத்தைத்தான்.

இரண்டு சொற்கள் கூடி ஒரு பெயராகும்போது பின்சொல்லின் முதலெழுத்து நடுவில் மாட்டிக்கொள்கிறது. அங்கே அது மெலிந்து தன் முகத்தை இழக்காதபடி ஒற்று காக்கிறது. கூடாமல் தனித்தனியே நிற்கும் சொற்களுக்கு அந்தக் காவல் வேண்டா. 'கீரைக்கடை' என்றால் கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறோம். குரோம்பேட்டைச் சந்தையில் ஒருவர் தம் கடை முகப்பில் ஒற்றில்லாமல் எழுதி வைத்தால், வருவோர் போவோரையெல்லாம் வேலை ஏவுகிறார் என்றே கொள்ள வேண்டும். நாட்டப்படும் கல் 'நடுகல்'. நடுவே கிடக்கும் கல் 'நடுக்கல்'. முன்னது வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகுவதில்லை. 'ஊறுகாய்' என்று சொல்லிப் பாருங்கள்: நடுவிலுள்ள ககரம் மெலிந்தே ஒலிக்கிறது. விதியைத் தெரிந்துகொண்டு யாரும் அப்படி ஒலிப்பதில்லை. ஒலிப்பதைக் கேட்டுத்தான் விதி எழுந்தது.

இதே வினைத்தொகைதான் திருமண அழைப்பிதழ்களில் அடிபடுகிறது. 'திருவளர்செல்வன்' என்பதில் 'வளர்' என்பது முக்காலத்தையும் உள்ளடக்கிய வினையடி; ஆகவே 'ச்' வரக்கூடாது. 'திருநிறைசெல்வி' என்பதும் அவ்வாறே. ஆயினும் அச்சகத்தில் அடுக்கிவைத்திருக்கும் பழைய அழைப்பிதழ்களிலிருந்து 'திருவளர்ச்செல்வன்' என்றே படியெடுக்கின்றனர். தாம்பரத்தில் விட்டுவிட்ட ஒற்றெழுத்தை மணமகன் பெயரில் சேர்த்துக் கணக்கை நேர்செய்கிறோம் போலும்.

ஒற்றுப் பிழைக்கு அடுத்தபடி மலிந்தது ரகர றகர மயக்கம். இதற்குத் தென்சென்னைப் புறநகரில் ஒரு பெயரே சான்று தருகிறது. வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கி மறைமலை அடிகள் என அமைத்துக்கொண்டவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்து, 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அவர் பணியாற்றிய நாளில் கல்லூரி நகரின் நடுவே இருந்தது. 1937இல்தான் அது தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது அவருடைய பல்லாவரம் வீட்டில். 'ஞானசாகரம்' என்னும் தம் இதழையும் 'அறிவுக்கடல்' ஆக்கினார். தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டு வழியில், அவர் பெயரில் மறைமலை நகர் எழுந்தது. வேதத்துக்கு 'மறை', அசலத்துக்கு 'மலை' என்பது அப்பெயரின் அமைப்பு. றகரத்தை மாற்றி 'மரைமலை' என எழுதினால், மரை என்பது மான் வகையைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு. திருகாணியின் புரிக்கும் அதுவே பெயர். ஓரெழுத்துப் பிழையில் வேதமலை, மான்மலை ஆகிவிடும். சொல்லும்போது வேறுபாடு தெரியாது என்பதே இப்பிழையின் வேர்.

ரகரமும் றகரமும் ஒரு காலத்தில் வெவ்வேறு வகையான ஒலிகள். றகரம் வல்லினத்தில் ஒன்று. அதற்கு இனமான மெல்லெழுத்து னகரம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகரமும் னகரமும் ஒரே இடத்தில் நாநுனி அண்ணத்தை ஒற்றப் பிறக்கும் என்கிறது. ரகரமோ, நாநுனி அண்ணத்தை வருடப் பிறப்பது. அதனை ழகரத்தோடு சேர்த்துச் சொல்கிறது. ஒற்றுவது வேறு, வருடுவது வேறு. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி', 'காற்று' எனச் சொல்லும்போது அந்தப் பழைய அடைப்பொலியை இன்றும் கேட்கலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் உயிர்களுக்கு நடுவே வந்த றகரம் அடைப்பை இழந்து உருள் ஒலியாகி, நாளடைவில் ரகரத்தோடு கலந்தது. எழுத்து பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒலி வீடு மாறிவிட்டது.

முற்றிலும் கலந்துவிடவில்லை என்பதும் தெரியவந்துள்ளது. ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்டு, அபிகேல் கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் ஆராய்ந்து, 1999இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டனர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று சென்றவர் நாராயணன். பேசும்போது நாக்கு கொள்ளும் வடிவத்தைக் காந்த ஒத்ததிர்வுப் படங்களால் அவர்கள் கண்டனர். கவனத்தோடு ஒலிப்பவர் வாயில் ஐந்துக்கும் ஐந்து நாவடிவங்கள் உண்டு. ழகரத்தில் நாநுனி மேல்நோக்கி மடிந்தும் எதனையும் தொடுவதில்லை. பக்கவாட்டிலும் நடுவிலும் நாக்கு தன்னை வளைத்துக்கொள்கிறது. இத்தனை நுட்பம் வேண்டும் ஓர் ஒலியை, விரைந்து பேசும் நகரம் எளிதாக்கிக்கொள்வது இயல்பு. 'பழம்' என்பது 'பளம்' ஆகிறது. பழைய சென்னைப் பேச்சில் 'பயம்' ஆவதும் உண்டு. பழவந்தாங்கல், பொழிச்சலூர், சோழிங்கநல்லூர் ஆகியவற்றில் ழகரம். பெருங்களத்தூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆகியவற்றில் ளகரம். காதை மட்டும் நம்பி எழுதும் பிள்ளைக்கு இவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. கண்ணால் பார்த்துப் பழகினால்தான் உண்டு.

ஒலி கலந்ததால் எழுத்து மட்டும் தவறுவதில்லை. சொல்லாக்கமும் வழி தவறும். 'இச்சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்னும் எச்சரிக்கையைப் புறநகர்த் தெருக்களில் காணாதவர் யார்? 'சுவர்' என்பதோடு 'இல்' சேர்ந்தால் 'சுவரில்' என்றே ஆகும். பின், 'சுவற்றில்' எங்கிருந்து வந்தது? பேச்சில் 'சுவர்' என்பது 'சுவரு' என உகரம் பெறுகிறது. ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட காதுக்கு அது 'சுவறு'. கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில், ஆறு, ஆற்றில் என்னும் வாய்பாடு மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அவ்வாய்பாட்டில் இதனையும் இட்டு வார்க்கிறார்கள். மொழியியலார் இதனை ஒப்புமையாக்கம் என்பர். எழுதியவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். இருக்கும் இலக்கணத்தை ஒரு சொல் தள்ளிச் செலுத்தியவர். 'பதற்றம்' என்பதில் இதற்கு மறுதலையான கதை. மாறு, மாற்றம், ஏறு, ஏற்றம், தடுமாறு, தடுமாற்றம் என்பனபோல, பதறு என்பதிலிருந்து பதற்றம் வர வேண்டும். 'பதட்டம்' என்று எழுதுவோர் அந்த வேரைத் தவறவிட்டவர்கள்.

அலுவல் மடல்களுக்கு வருவோம். மாணவர் முதலில் கற்கும் மடலின் தலைப்பிலேயே பிழை காத்திருக்கிறது: 'அனுப்புனர்', 'பெறுனர்'. இரண்டும் 'அனுப்புநர்', 'பெறுநர்' என இருக்க வேண்டியவை. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் ஆகியவையும் அவ்வாறே. இதில் குழம்புவோர் மிகப் பலர். ஏனெனில் 'உறுப்பினர்', 'குழுவினர்' என்பவற்றில் னகரம் சரி. வேறுபாடு எளிது: அனுப்பு, பெறு, ஓட்டு, நடத்து, இயக்கு என்பன வினைகள், அவற்றோடு 'நர்' என்னும் ஈறு சேர்கிறது. உறுப்பு, குழு என்பன பெயர்கள். அவற்றோடு சேர்வது 'இனர்'.

இதற்கு அடியில் இன்னும் அழகிய ஓர் ஒழுங்கு உண்டு. நகரம் சொல்லின் முதலில் வரும். நடுவில் வந்தால் பெரும்பாலும் தகரத்துக்கு முன் வரும்: பந்து, வந்தான். மற்ற இடங்களில் எல்லாம் னகரமே. ஆகவே சொல்லின் நடுவே நகரம் தனித்து நின்றால், அவ்விடத்தில் ஒரு தையல் இருக்கிறது என்று பொருள். ஓட்டு, நர். தே, நீர். செம்மை நெல் 'செந்நெல்' ஆனது; மூன்று நூறு 'முந்நூறு' ஆனது. 'தேனீர்' என்று எழுதினால் தையல் இடம் மாறி, தேயிலை போய்த் தேன் வந்துவிடும். 'முன்னூறு' என்றால் முன்பு சொன்ன நூறு. வங்கிப் படிவத்தில் 300 ரூபாயை எழுத்தால் எழுதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். மலையாளத்தார் நிலை இதற்கு நேர்மாறு: பல்லில் பிறக்கும் நகர ஒலியையும், அதற்கு மேலே பிறக்கும் னகர ஒலியையும் அவர்கள் நாக்கு இன்றும் பிரித்தே ஒலிக்கிறது. ஆனால் அவர்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். நாம் ஒலியைத் தொலைத்து எழுத்தை வைத்திருக்கிறோம். அவர்கள் எழுத்தின்றி ஒலியை வைத்திருக்கிறார்கள்.

ணகர னகர மயக்கத்தில் அலுவலகத் தமிழை நேரடியாகத் தாக்குவது ஒரு தொடர்: 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்'. ஆக வேண்டியவற்றைச் செய்க என்பது பொருள். இதனை 'ஆவண செய்யுமாறு' என எழுதுவோர் எண்ணற்றோர். தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் தேங்குகிறது என முறையிட வந்தவர், ஆவணம் ஏதோ செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார். கடைசியில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான் என்பதால் இப்பிழையை முற்றும் பிழை என்று தள்ள மனம் வரவில்லை. இதே மயக்கத்துக்கு இலக்காகும் இன்னொரு சொல் 'ஆணையர்'. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சியானது. 2022 சனவரியில் தாம்பரத்துக்கெனக் காவல் ஆணையரகமும் செயல்படத் தொடங்கியது. 'ஆணையர்' என்னும் சொல்லை முன்பு எழுதத் தேவையே இல்லாதிருந்த எத்தனையோ பேர் இன்று விண்ணப்பம்தோறும் எழுதுகிறார்கள். ணகரம் தவறி 'ஆனையர்' ஆனால் முகவரி உயிரியல் பூங்காவுக்குரியது. வண்டலூரில் அதுவும் அருகிலேயே இருக்கிறது.

'அருகில்' என எழுதினேன். 'அருகாமையில்' என்று எழுதுவதே இன்று வழக்கு. வீட்டுமனை விளம்பரங்களில் எல்லாம் நிலையத்துக்கு மிக அருகாமையில்தான். ஆமை ஈறு எதிர்மறை: கல்லாமை, இல்லாமை, பொறாமை. அருகுதல் என்றால் குறைதல் என்றும் கிட்டுதல் என்றும் பொருள். அருகாமை என்றால் கிட்டாமை. விளம்பரக்காரர் தம்மை அறியாமல் உண்மை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 'கட்டிடம்' என்பதும் அவ்விளம்பரங்களில் மலிந்தது. கட்டி முடித்தது கட்டடம். கட்டுவதற்குரிய இடம் கட்டிடம் எனப் பிரித்து எழுதினால் மனை வாங்குவோர்க்கு நன்மை உண்டு.

பிழைகள் புதியன அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அணையாவிளக்கு வைத்த செய்தி ஆயிரக்கணக்கில் உண்டு. அவ்விளக்கை நந்தா விளக்கு, நுந்தா விளக்கு, நொந்தா விளக்கு எனப் பலவாறு பொறித்திருக்கிறார்கள். 'வைத்த' என்பது பேச்சில் ஒலித்தபடியே 'வைச்ச' எனக் கல்லில் ஏறியிருக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதும் அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. அன்றைய படிப்போர் சிலர், பயின்றவர், விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்ளும் திறம் உடையவர். இன்று மாநகராட்சி அறிவிப்பைப் படிப்பவர் பேருந்துக்கு ஓடிக்கொண்டே படிக்கிறார். எனவே கல்வெட்டைக் காட்டி ஒற்று வேண்டா என வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

எழுதியவரே திருத்தினாலும் பிழை தப்பிப்பது ஏன்? படிக்கும்போது கண் எழுத்தெழுத்தாக ஊர்ந்து செல்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி தங்கி, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. இடையில் உள்ளதை மூளை எதிர்பார்ப்பால் நிரப்புகிறது. என்ன எழுதினோம் என்பது எழுதியவருக்கு முன்பே தெரியும்; எனவே அவர் எதிர்பார்ப்பு மிக வலியது. பிறர் படித்தால் எளிதில் அகப்படும் பிழை, அவர் கண்ணுக்கு இல்லாமலே போகிறது.

கணினியாவது கண்டுபிடிக்குமா? தட்டச்சுப் பிழைகளில் 100க்கு 80க்கு மேற்பட்டவை ஓரெழுத்துப் பிழைகள் என்று ஆங்கிலத் தரவை வைத்து டேமரோ என்னும் ஆய்வாளர் 1964இல் காட்டினார்: ஓர் எழுத்து கூடும், குறையும், மாறும், அல்லது அடுத்ததோடு இடம் மாறும். அங்கே தவறான சொல்லைப் பட்டியலோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும். தமிழில் அது போதாது. ஒரு பெயர் வேற்றுமையும் பன்மையும் சாரியையும் ஏற்று எண்ணிறந்த வடிவம் கொள்ளும். எல்லாவற்றையும் பட்டியலிட இயலாது. சொல்லைப் பகுத்தறியும் கருவி வேண்டும். நீச்சல்காரன் என்னும் புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய நாவி, வாணி, பேராசிரியர் தெய்வசுந்தரத்தின் மென்தமிழ் ஆகியவை இவ்வழியில் உழைத்தவை. ஆயினும் மரையும் மறையும் இரண்டுமே சொற்கள். கீரைக்கடையும் கீரை கடையும் இரண்டுமே தொடர்கள். எது கருதப்பட்டது என்பதைச் சூழலே சொல்லும். சூழலை அறிவது சொற்பட்டியலின் வேலை அன்று.

திருத்துவோர் சிலர் காட்டும் கடுமையும் எனக்கு ஒப்பவில்லை. 'நாட்கள்' என எழுதினால் நாள்பட்ட கள் என்று பொருளாகும், 'நாள்கள்' என்றே எழுதுக என்பர். விடுமுறை நாட்கள் என்று படித்துக் கள்ளுக்கடை தேடிப் போனவர் எவரும் இலர். 'கருமை' ரகரம், 'கறுத்தான்' றகரம். ஆகவே கருப்பு, கறுப்பு இரண்டுக்கும் இடமுண்டு. எழுத்து வடிவமே ஆணையால் மாறியதையும் கண்டோம்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் 1978 அக்டோபர் அரசாணையோடு விடைபெற்றன. அதற்கு முதல்நாள் வரை சரியாக எழுதியவர் மறுநாள் பழமையாளர் ஆனார். பொருள் மாறும் இடத்தில் உறுதியாக நிற்பதும், மாறாத இடத்தில் வழக்குக்கு வழிவிடுவதும் போதும் என்பது என் எண்ணம். க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்து வழக்கைத் திரட்டிப் பதிந்த முயற்சி. ஐயம் வந்தால் அதனைப் புரட்டுவது, பிறரை அரட்டுவதைவிட விரைவில் தீர்வு தரும்.

கடைசியாக ஒன்று, கண்ணுக்கே தெரியாத பிழை. 'ஔ' என்பது கணினிக்கு ஒரு குறியீடு. 'ஒள' என ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் அவை இரண்டு குறியீடுகள். திரையில் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. தட்டுவோருக்கு வேறுபாடு தெரியாது, அச்சிலும் தெரியாது. 'ஔவை' என்று தேடினால் 'ஒளவை' என்று பதிந்த பக்கங்கள் அகப்படா. அகரவரிசைப்படுத்தினால் ஒருவர் ஔகாரத்தில் வருவார், மற்றவர் ஒகரத்தில் ஒதுங்குவார். மின்னூலாக்கியவற்றில் இரண்டும் கலந்து கிடப்பதால், பழந்தமிழ் ஆய்வாளர்கள் அப்பெயரை இருவகையாகவும் தட்டித் தேட வேண்டியிருக்கிறது.